கோரைக்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் டில்லரில் என்ன மாற்றம் செய்யலாம்?

வலைக்கூடம்:
வணக்கம். சிங்கப்பூர் லிம் சூ காங்கில் வலைக்கூடத்துக்குள் கீரைச் சாகுபடி. சாய் சிம் (கடுகுக் குடும்பக் கீரை), காங்கோங் (வள்ளைக்கீரை), முளைக்கீரை. ஓரத்துப் பாத்திகளில் வெண்டையும் கத்தரியும். பாத்தி ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். களிமண்தான், கோழி எரு சேர்த்துச் சேர்த்து மேல் 15 செ.மீ. ஓரளவு பொலபொலப்பாக இருக்கிறது. கையில் இருப்பது 7 குதிரைத்திறன் டீசல் டில்லர், நடந்து ஓட்டுவது, எடை சுமார் 100 கிலோ.

பிரச்சினை இரண்டு. ஒன்று கோரை. ஒவ்வொரு உழவுக்கும் பிறகு குறைவதற்குப் பதில் கூடுகிறது. இரண்டு, வெண்டையைப் பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு, வேர்முடிச்சு நூற்புழு என்று நினைக்கிறேன். பக்கத்துக் கீரைப் பாத்திகளிலும் இப்போது ஆங்காங்கே செடி குன்றி நிற்கிறது.

களைக்கொல்லி அடிக்கும் எண்ணம் இல்லை. கேட்க வந்தது இதுதான்: டில்லரின் சுழல்கத்தியைக் கழற்றிவிட்டு ஐந்து கொழு வைத்த சட்டம் மாட்டினால் கோரைக் கிழங்கை மேலே கொண்டுவர முடியுமா? அடுத்தது, வெந்நீர் அடிக்கும் டீசல் பிரஷர் வாஷர் ஒன்று இருக்கிறது, 150 டிகிரி வரை 'நீராவி' நிலை உண்டு. அதன் குழலை டில்லருக்குப் பின்னால் கட்டி மண்ணுக்குள் செலுத்தினால் புழு சாகுமா? வெல்டிங் பட்டறை வசதி உண்டு.

இரும்புக்கை:
முதலில் உழவு. சுழல்கத்தி கோரையைக் கொல்வதில்லை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் வேர்த்தண்டால் மாலைபோலக் கோத்துக் கிடக்கும். அந்த மாலை முழுசாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைக்கும், மற்றவற்றில் பாதி தூங்கும். கத்தி அதைத் துண்டுதுண்டாக நறுக்கியதும் தூங்கிய கிழங்குகளும் தனித்தனியாக முளைவிடும். நீங்கள் பார்ப்பது அதுதான். ஈரக் களிமண்ணில் எல் வடிவக் கத்தி அடியில் வழுவழுவென்று ஒரு தட்டையும் பூசிவிடும். அதன் மேல் தண்ணீர் தேங்கும், வேர் இறங்காது.

ஐந்து கொழு வேண்டாம். நடந்து ஓட்டும் டில்லர் தன் எடையில் பாதிக்கு மேல் இழுக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ வண்டி என்றால் 50 கிலோ இழுவை. இரண்டு சக்கரத்திலும் தலா 20 கிலோ எடை மாட்டினால் 70. களிமண்ணில் 15 முதல் 20 செ.மீ. ஆழம் இறங்கும் ஒற்றைக் கொழுவே அதை விழுங்கிவிடும். ஐந்தை மாட்டினால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். அதனால் ஒரே சட்டத்தில் இரண்டு கருவி செய்துகொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று.

சட்டம்: 50×50 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 5 மி.மீ., நீளம் 90 செ.மீ. டில்லரின் பின்கொக்கியில் இரண்டு ஊசியால் மாட்டும்படி செய்யுங்கள். ஒரே ஊசி என்றால் சட்டம் பக்கவாட்டில் ஆடும். கருவிகளை வெல்டு வைக்காமல் 12 மி.மீ. யூ-போல்ட்டால் பிடியுங்கள், நகர்த்த வசதி.

முதல் கருவி ஆழக் கொழு. 60×12 மி.மீ. பட்டை இரும்புக் கால், முனை 40 மி.மீ. அகலம், முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் 10 மி.மீ. கம்பிகளை 30 மி.மீ. இடைவெளியில் சீப்புபோல வையுங்கள். இடைவெளியை இதைவிடக் குறைத்தால் களிமண் அடைத்துக்கொள்ளும். தனிக்கிழங்கு நழுவி விழும்தான், ஆனால் மாலையாக இருப்பது சிக்கிக்கொண்டு வரும். பாத்தியில் மூன்று தடம் ஓட்டுங்கள். முதல் தடத்தில் 10 செ.மீ., அடுத்ததில் 15. ஒரேயடியாக ஆழம் போகாதீர்கள். கொழுக் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே 8 மி.மீ. சாதாரண போல்ட் ஒன்று முறிவுக்கென்று இருக்கட்டும். பழைய கான்கிரீட் துண்டில் மாட்டினால் அது முறியும், கியர்பெட்டி தப்பும்.

இரண்டாவது கருவி கிடைக்கத்தி. இதுதான் நீங்கள் அதிகம் பயன்படுத்தப் போவது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டை, 70 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம், பாத்தி அகலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். இரண்டு கால்களில் கிடையாகப் பிடித்து மண்ணுக்கு 3 செ.மீ. கீழே ஓட்ட வேண்டும். பட்டையின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட 8 முதல் 10 மி.மீ. உயரமாக இருக்கட்டும். சமமாக வைத்தால் பட்டை தன் வயிற்றில் சறுக்கி மேலே ஏறிவிடும். கோணத்தைக் கூட்டினால் தானே தோண்டிக்கொண்டு இறங்கும், கைப்பிடி தூக்கும். ஸ்பிரிங் பட்டையை நேராக வெல்டு வைக்காதீர்கள். வெல்டை ஒட்டிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும். போல்ட்தான் சரி. நடுவில் ஏற்கெனவே துளை இருக்கும். கூடுதல் துளைக்கு அந்த இடத்தை மட்டும் செந்நிறமாகச் சூடாக்கிச் சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிட்டால் டிரில் இறங்கும்.

ஓட்டும் முறை: ஆழக் கொழு ஒரு முறை, கிழங்கைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பிறகு தண்ணீர் விட்டு முளைக்க விடுங்கள். 10 முதல் 14 நாளில் கிடைக்கத்தி. முளைத்த கோரை மூன்று வாரம் கடந்தால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும், அதற்கு முன் அறுத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப. ஒரு கிழங்கில் பல கண் உண்டு, மூன்று நான்கு சுற்றில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்கத்தியை 3 செ.மீ.க்குக் கீழே இறக்காமல் இருந்தால் விதைக்களைகளும் குறையும். ஆழம் போனால் அடியில் கிடக்கும் புது விதை மேலே வரும்.

பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். கண்ணாடிக் கூரைக்கடியில் சிமெண்டுத் தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்பிக் காயவிட்டால் சாகும். இங்கே வெட்டவெளியில் காயவைப்பது நடக்காது, மாலையில் ஒரு மழை போதும் மறுபடி உயிர்பிடிக்க. கூரை இல்லையென்றால் பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

ஆவிக்கணக்கு:
பிரஷர் வாஷர் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

150 டிகிரியில் குழாய்க்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர், ஆவியல்ல. நாசிலைத் தாண்டி வெளியே வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே ஆவியாகும், மீதி 100 டிகிரி வெந்நீர். ஒரு கிலோ உண்மையான ஆவி மண்ணில் குளிர்ந்து 70 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 2,380 கிலோஜூல் வெப்பம் தரும். அந்த வாஷரிலிருந்து வரும் ஒரு கிலோ தருவது 340. ஏழில் ஒரு பங்கு.

இப்போது மண். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ ஈரமண்ணை 28 டிகிரியிலிருந்து 70க்கு ஏற்ற ஏறக்குறைய 17 மெகாஜூல் வேண்டும். ஆவியாகக் கொடுத்தால் 7 கிலோ. கசிவும் வீணும் சேர்த்து 14 கிலோ என்று வையுங்கள். வாஷரில் கொடுத்தால் வீண் எதுவும் இல்லாமலே 50 லிட்டர். அந்த 15 செ.மீ. மண்ணின் மொத்தக் கன அளவே 150 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் பாத்தி சேறாகிவிடும், மண்கட்டு உடையும், சேறு அடுத்த ஆவியையும் உள்ளே விடாது. டில்லர் நகர்ந்துகொண்டே செலுத்துவது இன்னும் மோசம். ஒரு இடத்தில் சில விநாடிதான் நிற்கும், புழு சாக 50 டிகிரியில் அரைமணி நேரமாவது வேண்டும்.

அந்த வாஷரை நடைபாதைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் வையுங்கள். இலை மேல் வெந்நீர் பட்டால் விதையில் முளைத்த இளங்களை வதங்கிவிடும். கோரைக்கு மேல்தலைதான் போகும், கிழங்கு மறுபடி முளைக்கும், ஆனாலும் பாதை சுத்தமாக இருந்தால் பாத்திக்குள் விதை வருவது குறையும்.

வலைக்கூடம்:
விளக்கமான பதில்களுக்கு நன்றி. அப்படியென்றால் உண்மையான ஆவி இயந்திரம் வாடகைக்கு எடுத்தால் முழுத் தோட்டத்துக்கும் போகலாமா? பாத்திக்கு மேல் கவிழ்க்கும் பெட்டியை இங்கேயே செய்துகொள்ள முடியும்.

ஆவிக்கணக்கு:
முழுத் தோட்டத்துக்கும் போகாதீர்கள். மேலே சொன்ன 17 மெகாஜூலுக்கு வீணும் சேர்த்தால் 34, அது ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், உங்கள் பாத்தி ஒன்றுக்கு 20 லிட்டர். மணிக்கு 100 கிலோ ஆவி தரும் இயந்திரம் மணிக்கு 7 சதுர மீட்டர் முடிக்கும். ஒரு பாத்திக்கு மூன்று மணி நேரம். நாற்றங்காலுக்கும் மிக மோசமான ஒன்றிரண்டு பாத்திக்கும் இது தகும். நாற்று சுத்தமாகப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டி அளவு: 1 மீட்டர் × 1.5 மீட்டர், 2 மி.மீ. தகடு, சுற்றுச்சுவர் 20 செ.மீ., அதில் 8 முதல் 10 செ.மீ. மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறக்காவிட்டால் ஆவி ஓரத்தால் ஓடிவிடும். உள்ளே 25 மி.மீ. குழாய் இரண்டு, கீழ்நோக்கி 10 செ.மீ.க்கு ஒரு 4 மி.மீ. துளை. 28 துளையின் மொத்தப் பரப்பு ஒரு குழாய் வாயின் பரப்பைவிடக் குறைவு, அதனால்தான் கடைசித் துளைவரை ஆவி சமமாகப் போகும். 8 மி.மீ. துளை போட்டால் முதல் நாலு துளையிலேயே எல்லாம் கொட்டிவிடும். இரும்புப் பெட்டி சுமார் 50 கிலோ வரும்; அந்த எடைக்கு உள்ளே 33 மி.மீ. நீர்மட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் பெட்டி தூக்கிக்கொள்ளும். எடை குறைக்க அலுமினியம் போட்டால் மேலே மணல்மூட்டை வைத்தாக வேண்டும். தூக்கி நகர்த்த இரண்டு பேர்.

ஆவிக்கென்று செய்த ஹோஸ் மட்டும். தோட்டத்துத் தண்ணீர் ஹோஸ் ஆவியில் கொழகொழத்து இணைப்பிலிருந்து கழன்று அடிக்கும். தொடக்கத்தில் குழாயில் தேங்கிய வெந்நீரை வெளியே ஊதிவிட்டு அப்புறம் பெட்டியில் மாட்டுங்கள்.

மண்ணின் ஈரம்தான் வெற்றி தோல்வி. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். சேறாக இருந்தால் தண்ணீரைச் சூடாக்கியே டீசல் போகும். புழுதியாக இருந்தால் புழு முட்டையும் களைவிதையும் வறண்டு தூங்கும் நிலையில் வெப்பத்தைத் தாங்கும். ஆவிக்கு ஒரு வாரம் முன்பே நனைத்து வையுங்கள், விதை ஊறியிருக்கும். கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, கட்டியின் நடுவே சூடு போகாது.

தெர்மாமீட்டரை 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் மூன்று குத்துங்கள், ஒன்று பெட்டியின் மூலையில் இருக்கட்டும். 15 செ.மீ. முள் 70 தொட்டதும் ஆவியை நிறுத்திப் பெட்டியை அப்படியே அரைமணி விடுங்கள், மேலே பழைய சாக்கு போர்த்தலாம். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே' என்று ஒரு மணி நேரம் கொதிக்கவிடாதீர்கள். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர் முழுக்கச் செத்தால், கோழி எரு போட்ட உங்கள் மண்ணில் அமோனியம் தேங்கும், நாற்றின் வேர்நுனி கருகும். புளித்த (அமிலத்தன்மை கூடிய) மண்ணில் மாங்கனீசும் கரைந்து வரும், கீரை இலையில் பழுப்புப் புள்ளி தெரியும். ஆவிக்கு முன் மக்காத எரு வேண்டாம். பிறகு பத்து நாளாவது விட்டு, நன்கு மக்கிய உரம் சேர்த்து நடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிரம்மை அடைத்து வீட்டுக் கொதிகலன் செய்யும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே விட்டுவிடுங்கள், அது வெடிகுண்டு. சிங்கப்பூரில் நீராவிக் கொதிகலன் மனிதவள அமைச்சில் பதிவாகி, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரின் சோதனையில் தேறியிருக்க வேண்டும், அதைக் கவனிக்கத் தகுதிபெற்ற ஆள் வேண்டும். வாடகை பேசும்போதே பதிவுத் தாளைக் கேளுங்கள். பர்னர் புகை வலைக்கூடத்துக்குள் வராதபடி இயந்திரத்தை வெளியே நிறுத்தி ஹோஸை மட்டும் உள்ளே இழுங்கள்.

வேரைப்பார்:
இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அது ஒன்றுதான். வேர்முடிச்சு நூற்புழுவுக்குக் கோரையும் நல்ல இருப்பிடம். கோரையின் வேரிலும் கிழங்கிலும் புழு பெருகும், மேலே எந்த அடையாளமும் தெரியாது. வெண்டையை நிறுத்தி மாற்றுப்பயிர் போட்டாலும் கோரை நின்றால் புழு பட்டினி கிடக்காது. கோரையை முதலில் அடியுங்கள், புழுவுக்குச் செலவு பிறகு.

முதலில் நூற்புழுதானா என்று உறுதி செய்யுங்கள். வெண்டை வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சு வேரின் உடம்பிலேயே வீங்கியிருக்கும், நகத்தால் கிள்ளினாலும் தனியே வராது. பயறு, காராமணி வேரில் தொங்கும் நல்ல முடிச்சு தேய்த்தால் உதிர்ந்துவிடும். சாய் சிம் வேர் மட்டும் தடித்து அழுகினால் அது வேறு நோய், ஆவி ஆலோசனைக்கு முன் அதைப் பிரித்தறியுங்கள்.

எந்தப் பாத்தி எவ்வளவு மோசம் என்று அறிய வெள்ளரி போதும். பாத்திக்குப் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்து மண் எடுத்துக் கலந்து தொட்டியில் நிரப்பி, வெள்ளரி விதை ஐந்து ஊன்றுங்கள். 30 நாளில் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு எண்ணிக்கையை வைத்துப் பாத்திகளுக்கு வரிசை போடுங்கள். டீசல் செலவு மேல் வரிசைக்கு மட்டும். ஆவி பிடித்த பாத்தியிலும் இதையே திரும்பச் செய்தால் வேலை நடந்ததா என்று தெரியும்.

அறுவடை முடிந்ததும் வெண்டை, கத்தரி வேரை உழுது கலக்காதீர்கள். இந்த வெப்பத்தில் நூற்புழுவின் ஒரு தலைமுறை மூன்று நான்கு வாரம். செத்த வேரிலும் முட்டைக்கூடு உயிரோடு இருக்கும், சுழல்கத்தி அதைப் பாத்தி முழுக்கப் பரப்பிவிடும். மேலே சொன்ன ஆழக் கொழுவையே வரிசையின் பக்கவாட்டில் 15 செ.மீ. ஆழத்தில் ஓட்டி வேரைத் தளர்த்துங்கள், முழுச் செடியாகப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள்.

ஆவி 15 செ.மீ.தான் போகும், 30 செ.மீ.யில் இருக்கும் புழு மேலே ஏறி வரும். முப்பது நாளில் அறுக்கும் கீரைக்கு அந்த இடைவெளி போதும். வெண்டைக்குப் போதாது, அதன் வேர் கீழே இறங்கி மாட்டிக்கொள்ளும். ஆவி பிடித்த பாத்தியில் கீரை போடுங்கள். வெண்டை இருந்த பாத்தியில் சணப்பு நெருக்கமாக விதைத்து பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். நூற்புழு அதில் பெருகாது. துலுக்கச் செண்டும் நல்லது, ஆனால் ஓரத்தில் நாலு செடி நட்டால் எந்தப் பயனும் இல்லை. அதன் வேர் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும், பாத்தி முழுக்க இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: நடுவில் கோரை இருக்கக் கூடாது. சணப்பு நெருக்கமாக வளர்ந்தால் நிழலில் கோரையும் மெலியும், அது கூடுதல் லாபம்.

வலைக்கூடம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாய் சிம் இலையில் சல்லடைத் துளை போடும் தெள்ளு வண்டின் புழுப்பருவமும் கூட்டுப்பருவமும் மண்ணுக்குள்தான். பாத்தியில் அது இருக்கும்போது வலையை மூடினால் வண்டை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். அறுவடை முடிந்ததும் கிடைக்கத்தியை ஓட்டிக் கடுகுக் குடும்பக் கீரை எதுவும் இல்லாமல் மூன்று வாரம் விடுங்கள், காங்கோங் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு எப்போதாவது நூற்புழு மருந்து பக்கம் போக வேண்டியிருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிவான மருந்தா என்று பார்த்து, சான்றிதழ் பெற்றவர் மட்டும் இட வேண்டும். வெளியூரிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

இரும்புக்கை:
வேரைப்பார் சொன்ன வரிசைப்படிதான் கருவியையும் ஓட்ட வேண்டும்: சுத்தமான பாத்தியிலிருந்து மோசமான பாத்திக்கு, ஒருபோதும் திருப்பி அல்ல. கொழுவில் ஒட்டிய ஒரு கைப்பிடி மண் அடுத்த பாத்திக்குப் புழு விதைக்கப் போதும். பிரஷர் வாஷருக்கு உண்மையான வேலை இங்கேதான். பாத்தி மாறும் முன் கொழு, சீப்பு, சக்கரத்தின் பல் இடுக்கு எல்லாவற்றையும் வெந்நீரில் அடியுங்கள். கழுவும் இடம் சாய்வாக இருந்து தண்ணீர் பாத்திப் பக்கம் ஓடாதபடி பாருங்கள்.

இன்னொன்று, சட்டம் மாட்டியதும் முன்பக்கம் இலேசாகித் தூக்கும். என்ஜினுக்கு முன்னால் 15 முதல் 20 கிலோ எடை தொங்கவிடுங்கள். எடை போட்டும் தூக்கினால் கொழு அதிக ஆழம் போகிறது என்று பொருள், எடையைக் கூட்டாமல் ஆழத்தைக் குறையுங்கள். சுழல்கத்தியைக் கழற்றிய இடத்தில் அச்சின் நுனியில் எண்ணெய்ச்சீல் வெளியே தெரியும். அதன்மேல் ஒரு மூடி போடாமல் ஓட்டினால் மண் புகுந்து சீல் கிழியும், கியர்பெட்டி எண்ணெய் பாத்தியில் சொட்டும். சீப்பில் வேர் சிக்கினால் என்ஜினை அணைத்த பிறகே கையை வையுங்கள்.